வாயில், சில்லு, பதிவேடு: வடசென்னைத் துறைமுகப் பகுதியில் வானலை அடையாளமும் தனியுரிமையும்

ஆய்வுச்சுருக்கம்

வானலை அடையாளச் சில்லு குறித்த தனியுரிமை விவாதம் மேலை நாடுகளில் நுகர்வோரை மையமாகக் கொண்டு எழுந்தது. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுக, தொழிற்பகுதியில் அச்சில்லு கடை வழியாக அன்றி வாயில் வழியாகவே நுழைந்தது. ஆகவே இங்கு அது முதன்மையாக உழைப்பாளர் சிக்கல் என்பது இக்கட்டுரையின் கருத்து. கப்பல்துறைத் தொழிலாளர் வாரியம் வழங்கிய அடையாள அட்டை தொடங்கி ஏற்றுமதிப் பெட்டகங்களின் மின்னணு முத்திரை வரையிலான வரலாற்றின்வழி, பொருளைப் பற்றிய பதிவு அதைக் கொண்டுசெல்பவரைப் பற்றிய பதிவாக மாறும் முறையும், அப்பதிவேட்டின் ஆளுகையில் உழைப்பாளர்க்கு இருந்த இடமும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வானலை அடையாளச் சில்லு, தனியுரிமை, சரக்குப் பெட்டகம், கப்பல்துறைத் தொழிலாளர் வாரியம், வடசென்னை, ஃபாஸ்டேக்

முன்னுரை

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, புட்டசாமி வழக்கில், தனியுரிமை அரசமைப்புச் சட்டம் உறுதிசெய்யும் அடிப்படை உரிமையே என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தது. நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 28 அன்று, நடுவண் சுங்க வாரியம் 36/2017 என்னும் எண்ணிட்ட சுற்றறிக்கையை வெளியிட்டது. தொழிற்சாலையிலேயே சரக்கை அடைத்து ஏற்றுமதியாளர் தாமே முத்திரையிடும் பெட்டகங்கள், இனி வானலை அடையாளச் சில்லு பொருந்திய முத்திரையுடன்தான் துறைமுகம் சேர வேண்டும் என்பது அதன் சாரம். தீர்ப்பு நாடெங்கும் பேசப்பட்டது. சுற்றறிக்கையோ சுங்க முகவர், ஏற்றுமதியாளர் வட்டத்துக்குள் நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று காரணமும் இருந்ததாகத் தோன்றாது; ஒன்று மனிதரைப் பற்றியது, மற்றொன்று இரும்புப் பெட்டியைப் பற்றியது.

அந்த வேறுபாடு நிலைக்கத்தக்கதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. அதற்கு வடசென்னை தக்க களம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி புறப்பட்ட இராயபுரம், 1983இல் தனிப் பெட்டக முனையம் பெற்ற சென்னைத் துறைமுகம், பெட்டக நிலையங்கள் செறிந்த தண்டையார்பேட்டையும் மணலியும், 2001இல் செயல்படத் தொடங்கிப் பின்னர் காமராசர் பெயர் பெற்ற எண்ணூர்த் துறைமுகம், அதன் வடக்கே தனியார் வசமுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகிய அனைத்தும் ஒரே கடற்கரைக் கீற்றில் அடுத்தடுத்து அமைந்தவை. ஆர்.எஃப்.ஐ.டி. என்று எழுத்துச் சுருக்கத்தால் வழங்கும் வானலை அடையாளச் சில்லை ஒரு நாளில் பலமுறை கடக்காமல் இங்கு ஒரு டிரெய்லர் வண்டி தன் வேலையை முடிக்க இயலாது.

பொருள்மீது இட்ட குறி

சரக்கின்மீது குறியிடுதல் தமிழகத் துறைமுகங்களுக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் பொதிகளில் சோழரின் புலி முத்திரையைப் பொறித்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பொதிகளின்மேல் எழுதப்பட்ட கண்ணெழுத்தைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. தற்காலத் தொழில்நுட்பம் எதற்கும் சங்க இலக்கியத்தில் முன்னோடி தேடும் பழக்கம் ஆய்வுக்கு உகந்ததன்று. ஆயினும் இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. புலிப்பொறியும் கண்ணெழுத்தும் பொருள் எது, யாருடையது, அரசுக்குரியது செலுத்தப்பட்டதா என்பவற்றைக் கூறின. பொதியைச் சுமந்தவன் யார், எந்த நேரத்தில் எந்தத் தெருவழியாக வந்தான் என்பதை அவை கூறவில்லை. கூறும் ஆற்றலும் அவற்றுக்கு இல்லை. குறி பொருளோடு நின்றது.

சுமப்பவன்மீது குறி ஏறியது பின்னாளில். தொடர்வண்டி நிலையச் சுமைதூக்குவோர் கையில் கட்டிய எண் பொறித்த பித்தளை வில்லையும், ஆலைத் தொழிலாளர் பெயரினும் மிகுதியாக அறியப்பட்ட டிக்கெட் எண்ணும் குடியேற்ற ஆட்சிக்கால நிறுவனங்களின் கண்டுபிடிப்புகள். இவை ஆளைக் குறித்தன, பொருளைக் குறிக்கவில்லை. பொருட்குறி, ஆட்குறி என்னும் இவ்விரு மரபுகளும் நெடுங்காலம் தனித்தனியே ஓடின. வானலைச் சில்லின் வரவால் அவை ஒன்றில் ஒன்று கலந்தன.

அட்டையை வேண்டிப் பெற்ற தொழிலாளர்

அடையாள அட்டை என்றாலே கண்காணிப்பு என்று கொள்ளும் எளிய பார்வைக்குச் சென்னைத் துறைமுகத்தின் உழைப்பு வரலாறு இடந்தருவதில்லை. கப்பல் வரும் நாளில் மட்டுமே வேலை. வந்தாலும் யாருக்கு வேலை என்பது மேஸ்திரியின் விருப்பம். இந்த நிலையைக் கண்ட விட்லி தலைமையிலான அரசத் தொழிலாளர் ஆணையம் தன் 1931ஆம் ஆண்டு அறிக்கையில், துறைமுகத் தொழிலாளரைப் பதிவு செய்து நாட்கூலி நிலையின் நிச்சயமின்மையைக் குறைக்குமாறு பரிந்துரைத்தது. சட்டம் வர மேலும் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1948இல் கப்பல்துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ்ச் சென்னைக்கான திட்டம் 1956இல் நடைமுறைக்கு வந்தது.

இத்தகைய திட்டங்களின் விதிகள் இன்றைய தரவுப் பாதுகாப்பு நோக்கில் மறுவாசிப்புக்கு உரியவை. பதிவுபெற்ற தொழிலாளர்க்கு அடையாள அட்டையும் வருகை அட்டையும் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும். ஒவ்வொருவருக்கும் பணிப்பதிவேடு உண்டு. அதில் ஒழுங்கு நடவடிக்கைகள் இடம்பெறும், பாராட்டுகளும் பதவி உயர்வுகளும் கூடவே இடம்பெறும். விடுப்பில் செல்லும்போதும் ஓய்வுபெறும்போதும் பணிநீக்கத்தின்போதும் அட்டையைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். அட்டை பெற்றவர் பெயரளவில் பதியப்பட்டவர் மட்டுமல்லர். வேலைக்கு வந்து வேலை கிடைக்காத நாளுக்கும் வருகைப்படி பெறும் உரிமை உடையவர். பட்டியலில் பெயர் இருப்பது உரிமை, இல்லாமை நட்டம். துறைமுகத் தொழிற்சங்கங்கள் பதிவை எதிர்க்காமல் அதன் விரிவாக்கத்தைக் கோரியதன் காரணம் இதுவே.

இதனினும் முதன்மையான செய்தி பதிவேட்டை யார் ஆண்டனர் என்பது. அரசு, கப்பல்துறை முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பின் உறுப்பினரும் அமர்ந்த வாரியம் அதன் பொறுப்பாளர். பதிவில் பிழை நேர்ந்தால் முறையிட இடம் இருந்தது. அந்த இடத்தில் தொழிலாளர் சார்பில் ஒருவர் அமர்ந்தும் இருந்தார். இந்த ஏற்பாடு குறைகளற்றது என்று சொல்வதற்கில்லை. பதிவுபெறாத கூலிகள் வாரியத்தின் நிழலுக்கு வெளியே இருந்தனர். பதிவு சில சமயம் குடும்பச் சொத்துப்போல் பேணப்பட்டது. எனினும் தொழிலாளரைப் பற்றிய தரவை ஆள்வதில் தொழிலாளர்க்கும் குரல் உண்டு என்னும் கொள்கை, அச்சொற்களில் யாரும் கூறாமலே, சென்னைத் துறைமுகத்தில் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. சரக்குப் பெட்டகத்தின் வருகையால் கப்பல்துறை வேலை சுருங்கியது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பெருந்துறைமுகங்களில் வாரியங்களைத் துறைமுகப் பொறுப்புக் கழகங்களோடு இணைக்க வழிசெய்தது. சென்னை வாரியமும் அவ்வாறே மறைந்தது.

சில்லின் இயக்கம்

தொழில்நுட்ப வரலாற்றைச் சுருக்கமாகக் கூறினால் போதும். ஓர் அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் விதத்தையே செய்தியாகக் கொள்ளலாம் என்பதை 1948இல் ஹாரி ஸ்டாக்மேன் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். தற்செயலாக, இந்தியக் கப்பல்துறைத் தொழிலாளர் சட்டமும் அதே ஆண்டினது. 1973இல் அமெரிக்காவில் மரியோ கார்டுல்லோவும் சார்லஸ் வால்டனும் தனித்தனியே காப்புரிமை பெற்றனர். வால்டனின் கருவி கதவைத் திறப்பதற்கானது. சில்லு தொடக்கத்திலேயே வாயிலோடு உறவுடையது எனலாம். 1999இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அமைந்த ஆட்டோ-ஐடி மையம் சில்லின் விலையைக் குறைத்து, உலகின் ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் என்னும் இலக்கை முன்வைத்தது.

இப்பகுதியில் புழங்கும் சில்லுகளை இரு வகையாகக் கொள்ளலாம். வண்டிக் கண்ணாடியிலும் பெட்டக முத்திரையிலும் உள்ளவை, இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குபவை. பல மீட்டர் தொலைவிலிருந்து படிக்கத்தக்கவை. மெட்ரோ பயண அட்டையிலும் புதிய கடவுச்சீட்டிலும் உள்ளவை 13.56 மெகாஹெர்ட்ஸ் வரிசையின. சில சென்டிமீட்டர் அருகில் கொண்டுசென்றால்தான் பேசும். இரண்டிலும் மின்கலம் இல்லை. வாசிப்புக் கருவி அனுப்பும் அலையிலிருந்தே ஆற்றல் பெற்றுத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கின்றன. கேட்பவர் யார் என்று பொதுவாக முதல் வகைச் சில்லு வினவுவதில்லை. தான் கேட்கப்பட்டதை உடையவருக்கு அறிவிப்பதும் இல்லை. பித்தளை வில்லையைப் பார்க்க ஒருவர் எதிரில் வந்து நிற்க வேண்டும், வில்லை அணிந்தவரும் தாம் பார்க்கப்படுவதை அறிவார். வானலைச் சில்லில் அந்த அறிதல் நீங்கியது.

பெட்டகத்தின் பயணம்

திருப்பெரும்புதூரில் உள்ள ஓர் ஆலையில் ஏற்றுமதிச் சரக்கு அடைக்கப்படுவதாகக் கொள்வோம். 2017க்கு முன் சுங்க அலுவலர் நேரில் வந்து முத்திரையிடும் முறை பரவலாக இருந்தது. அவ்வாண்டு சூலை முதல் நாள் வெளியான 26/2017 சுற்றறிக்கையும் தொடர்ந்து வந்த 36/2017 சுற்றறிக்கையும் அம்முறையை மாற்றின. ஏற்றுமதியாளர் ஐ.எஸ்.ஓ. 17712 தரத்துக்கு உட்பட்ட, ஒருமுறை மட்டும் பூட்டத்தக்க ஆணி முத்திரையைத் தாமே பூட்டுகிறார். வெட்டப்பட்டால் உள்ளிருக்கும் இணைப்பு அறுந்து முத்திரை பேச்சை நிறுத்திவிடும். பூட்டிய கையோடு கப்பல் பட்டியல் எண், பெட்டக எண், முத்திரை எண், முத்திரையிட்ட நாள், நேரம், சேரவேண்டிய சுங்க நிலையம், ஏற்றிச்செல்லும் வண்டியின் எண் ஆகியவற்றை மென்பொருளில் ஏற்ற வேண்டும். பட்டியலின் கடைசியில் உள்ள வண்டியின் எண் ஒன்றுதான் பொருளைப் பற்றியதன்று.

வண்டி புறப்பட்டுச் சென்னைப் புறவழிச்சாலையின் வானகரம், சூரப்பட்டு சுங்கச்சாவடிகளில் ஒன்றையேனும் கடக்க நேரலாம். ஆந்திரத் திசையிலிருந்து வருவது நல்லூர்ச் சாவடியைக் கடக்கும். ஃபாஸ்டேக் சில்லு 2017 டிசம்பர் முதல் புதிய நான்குசக்கர வண்டிகளுக்கும், 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் சாவடியைக் கடக்கும் அனைத்து நான்குசக்கர வண்டிகளுக்கும் கட்டாயமாயிற்று. அது வண்டியின் பதிவெண்ணோடும் உரிமையாளரின் வங்கி அல்லது பணப்பைக் கணக்கோடும் பிணைந்தது. சரக்கு, சேவை வரியின் மின்வழிச்சீட்டிலும் அதே வண்டி எண் உண்டு. 2021இல் மின்வழிச்சீட்டு முறைமை ஃபாஸ்டேக் பதிவுகளோடு இணைக்கப்பட்டு, சாவடி கடந்த வண்டிகளின் விவரம் வரி அலுவலர் பார்வைக்கு வந்தது. தமிழில் துறைமுக வரிக்கும் சாலை வரிக்கும் சுங்கம் என்ற ஒரே சொல்தான். குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றபோது சொல்லளவில் ஒன்றாயிருந்தவை, இப்போது தரவளவில் ஒன்றாகியுள்ளன.

துறைமுகத்தை அடுத்து மூன்றாவது சில்லு வருகிறது. இந்திய அரசும் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனமும் கூட்டாக அமைத்த தரவுச் சேவை நிறுவனம் 2016 சூலையில் மும்பையை அடுத்த நவசேவா எனப்படும் ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் சரக்கியக்கத் தரவு வங்கியைத் தொடங்கியது. பின்னர் அது தென்னகத் துறைமுகங்களுக்கும் விரிந்தது. துறைமுகத்தில் பெட்டகத்தின்மேல் சில்லு இணைக்கப்படுகிறது. சாவடியிலும் பெட்டக நிலையத்திலும் படிக்கப்படுகிறது. பெட்டக எண்ணை இணையத்தில் இட்டால் அது கடைசியாகக் கடந்த இடமும் நேரமும் தெரிகின்றன. ஏற்றுமதியாளர்க்கு இது பெருநன்மை. முன்பு பத்து இடங்களுக்குத் தொலைபேசியில் பேசி அறிந்ததை இப்போது ஒரே திரையில் அறிகிறார். கள்ளக்கடத்தலையும் சரக்குத் திருட்டையும் தடுப்பதில் முத்திரையின் பயனையும் மறுக்க இயலாது.

சில்லில் எண் மட்டுமே உள்ளது, பெயர் இல்லை என்பது இத்தகைய முறைமைகளுக்குப் பொதுவாகக் கூறப்படும் தற்காப்பு. அது உண்மை, ஆனால் பாதி உண்மை. முத்திரை எண் வண்டி எண்ணோடும், வண்டி எண் ஃபாஸ்டேக் கணக்கோடும், வாயிலில் காட்டப்படும் துறைமுக நுழைவு அனுமதி ஓட்டுநரின் பெயரோடும் கோக்கப்படும்போது, பெயர் எழுதப்படாமலே படிக்கப்படுகிறது. ஒன்றிரண்டு வண்டிகளை வைத்துக்கொண்டு தாமே ஓட்டும் உரிமையாளர்க்கோ இந்தக் கோவையும் தேவையில்லை. வண்டியின் நடமாட்டமே அவருடைய நடமாட்டம்.

வரிசையும் நேரமும்

இராயபுரம் பக்கமுள்ள ஜீரோ கேட்டை நோக்கி எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர்கள் நீண்டு நிற்பது வடசென்னை மக்கள் நெடுநாள் கண்ட காட்சி. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் பல ஆண்டுகள் தாமதமானதும், வாயில் வழித்தடங்கள் போதாமையும், ஆவணச் சரிபார்ப்பும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. வாயிலில் தானியங்கு அடையாளம் வரிசையைக் குறைக்கும் என்பது எங்கும் தரப்படும் உறுதி. சரிபார்ப்புக்கு ஆகும் நேரத்தை அது குறைக்கவே செய்யும். ஆனால் வரிசை சாலையில் தொடங்கினால் வாயிலில் உள்ள கருவி என்ன செய்யும்?

இவ்விடத்தில் ஒரு சமனின்மை கவனத்துக்குரியது. பெட்டகம் துறைமுகத்தில் தங்கும் நேரம் மணிக்கணக்கில் அளக்கப்பட்டு, துறைமுகங்களுக்கிடையே ஒப்பிடப்பட்டு, அறிக்கைகளாக வெளிவருகிறது. அதே சில்லுகள், அதே வாசிப்புக் கருவிகள் கொண்டு ஓட்டுநர் காத்திருந்த நேரத்தையும் கணக்கிட இயலும். நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஒருவருக்கு வரிசையில் கழிந்த இரவு ஊதியமற்றது. அந்த இரவு பதிவேட்டில் இருக்கிறது, அவர் கையில் இல்லை. கப்பல்துறை வாரியத்தின் வருகை அட்டை வேலையில்லா நாளைக் கூலிக்குரியதாக்கியது. வானலைப் பதிவு அத்தகைய சான்றாக இன்னும் ஆகவில்லை. தனியுரிமை என்பது தன்னைப் பற்றிய தரவை மறைக்கும் உரிமை என்று மட்டும் கொண்டால் இச்சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. தன்னைப் பற்றித் திரட்டப்பட்டதைத் தானும் கண்டு பயன்கொள்ளும் உரிமையும் அதன் பகுதியே.

கடை வாசலும் துறைமுக வாயிலும்

மேலை நாடுகளில் விவாதம் துணிக்கடையில் தொடங்கியது. 2003இல் பெனட்டன் ஆடைகளில் சில்லு தைக்கப்படும் என்ற செய்தி வெளியானபோது, அமெரிக்க நுகர்வோர் அமைப்பான காஸ்பியன் புறக்கணிப்புக்கு அழைத்தது, நிறுவனம் பின்வாங்கியது. 2004இல் ஜெர்மனியின் ரைன்பெர்க் நகரில் மெட்ரோ குழுமத்தின் மாதிரிக் கடையில், வாடிக்கையாளர் அட்டையில் அவர் அறியாமலே சில்லு இருந்தது வெளிப்பட்டு, அட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு உருவான இரண்டாம் தலைமுறைச் சில்லுத் தரத்தில், கடையை விட்டு வெளியேறும்போது சில்லை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யும் கட்டளை இடம்பெற்றது. ஐரோப்பிய ஆணையம் 2009 மே மாதம் வெளியிட்ட பரிந்துரை, சில்லுப் பயன்பாட்டுக்கு முன் தனியுரிமைத் தாக்க மதிப்பீடு செய்யவும், சில்லறை விற்பனையில் சில்லைச் செயலிழக்கச் செய்யவும் கோரியது.

இத்தீர்வுகள் வாங்குபவரைக் கருதி வகுக்கப்பட்டவை. வாங்கியபின் பொருள் தன்னுடையது; ஆகவே அதன் சில்லை அணைக்கும் உரிமையும் தன்னுடையது. டிரெய்லர் ஓட்டுநர்க்கு இந்தத் தருணம் வருவதே இல்லை. முத்திரை ஏற்றுமதியாளருடையது, பெட்டகம் கப்பல் நிறுவனத்துடையது, கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் வண்டி உரிமையாளருடையது. எதையும் அணைக்கும் உரிமை அவரிடம் இல்லை. அணைத்தால் வாயில் திறக்காது. ஒப்புதல் என்னும் சொல் இங்கு பொருளிழக்கிறது.

துறைமுகத்துக்கு நெருக்கமான ஒப்புமை அமெரிக்காவின் போக்குவரத்துத் தொழிலாளர் அடையாள அட்டை. 2002ஆம் ஆண்டுக் கடல்வழிப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்து, 2007இல் வழங்கத் தொடங்கப்பட்ட அந்த அட்டை, தொடாமல் படிக்கத்தக்க சில்லுடையது. பின்னணி ஆய்வுக்குப் பிறகே தரப்படுவது. மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் பின்னணி ஆய்வின் கடுமையை எதிர்த்து வாதிட்டது. மறுக்கப்பட்டவர் முறையிடவும் விலக்குக் கோரவும் விதிகள் உள்ளன. அங்கும் விவாதம் சில்லைப் பற்றியதாக இல்லாமல் முறையீட்டைப் பற்றியதாகவே முதிர்ந்தது. 2004 சூலை முதல் பன்னாட்டுக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தபின், சென்னை உட்பட எல்லாத் துறைமுகங்களிலும் நுழைவுக் கட்டுப்பாடு கடுமையானது.

அன்றாடப் புழக்கம்

துறைமுகத்துக்கு வெளியிலும் சில்லு பரவியுள்ளது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ நீட்சி 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. ஃபாஸ்டேக் கட்டாயமானதற்கு ஒரு நாள் முன்பு, அந்நீட்சியில் பயணிகள் வட்ட வில்லையையும் பயண அட்டையையும் கதவில் தொட்டுச் செல்லத் தொடங்கினர். அவற்றுள் வட்ட வில்லை தனியுரிமை நோக்கில் சிறந்தது. காசு கொடுத்து வாங்குபவரை அது அறியாது. வெளியேறும்போது பெட்டிக்குள் விழுந்து அடுத்தவருக்குப் போனது. பயண அட்டை அவ்வாறன்று; 2023 ஏப்ரலில் வந்த சிங்காரச் சென்னை அட்டை வங்கி சார்ந்தது. வசதிக்கு ஏற்ப அடையாளமின்மை குறைகிறது.

மக்கள் வழக்கில் ஸ்மார்ட் கார்டு எனப்படும் அனைத்தும் வானலைச் சில்லு கொண்டவை அல்ல என்பதையும் இங்குச் சுட்ட வேண்டும். 2017 முதல் வழங்கப்பட்ட குடும்ப அட்டையில் இருப்பது கட்டக்குறியீடு. அதைக் கண்முன் காட்டினால்தான் படிக்க இயலும். மாறாக, 2025 மார்ச்சில் சென்னை மண்டல அலுவலகம் வழங்கத் தொடங்கிய மின்னணுக் கடவுச்சீட்டில் வானலைச் சில்லு உண்டு. உள்ளே அச்சிட்ட வரிகளை முதலில் படித்து, அதிலிருந்து திறவுகோலைப் பெற்றால்தான் அச்சில்லு பேசும். புத்தகத்தைத் திறந்து கொடுக்காதவரிடமிருந்து அதைப் படிப்பது கடினம். ஃபாஸ்டேக்கின் எண்ணுக்கு இத்தகைய காப்பு இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தடுப்புக்கம்பங்கள்கூட அச்சில்லைப் படித்தே திறக்கின்றன. விமானத்தில் செல்பவருக்குத் தந்த காப்பைச் சாலையில் செல்பவருக்குத் தரத் தொழில்நுட்பம் தடையன்று. 2013இல் திருத்தப்பட்ட சில்லுத் தரத்தில் கேட்பவரைச் சரிபார்க்கும் வசதியும் எண்ணை மறைக்கும் வசதியும் சேர்க்கப்பட்டுவிட்டன.

காசிமேட்டு மீனவரின் நிலை சற்று வேறு. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோர மீனவர்க்கு உடற்கூற்றுப் பதிவுடன் கூடிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. அண்மையில் விசைப்படகுகளில் செயற்கைக்கோள் வழி இயங்கும் டிரான்ஸ்பாண்டர்கள் பொருத்தப்படுகின்றன. இதற்கான தேசியத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. வானலைச் சில்லு கேட்டால் மட்டும் பேசும். இக்கருவி தானே பேசும். புயலிலும் விபத்திலும் உயிர் காக்கும் கருவி என்பதால் அதன் தேவை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் எந்தத் திசையில் எத்தனை பாகம் ஆழத்தில் மீன் கிடைக்கும் என்பது படகோட்டியின் தொழில்முதல். படகின் தடத்தை அறிபவர் அந்த முதலையும் அறிகிறார். கரையில் ஓட்டுநர்க்குக் காத்திருந்த நேரம் எப்படியோ, கடலில் மீனவர்க்கு மீன்பிடித் தடம் அப்படி.

சட்டமும் பதிவேட்டின் ஆளுகையும்

புட்டசாமி தீர்ப்பின் தொடர்ச்சியாக 2023 ஆகஸ்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவின்வழி அடையாளங்காணத்தக்க மனிதரைப் பற்றிய எத்தரவும் தனிநபர் தரவு என்பது சட்டத்தின் வரையறை. இதன்படி வண்டி எண்ணும் முத்திரை எண்ணும் கோக்கப்பட்ட நிலையில் தனிநபர் தரவாகவே கொள்ளத்தக்கவை. ஆனால் அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு ஒப்புதலின்றித் தரவைப் பயன்படுத்தத்தக்க நோக்கங்களை வகுக்கிறது. வேலைவாய்ப்பு நோக்கமும், முதலாளியை இழப்பிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காக்கும் நோக்கமும் அவற்றுள் அடங்கும். 17ஆம் பிரிவு அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க நடுவண் அரசுக்கு அதிகாரம் தருகிறது. பயணியாகவும் நுகர்வோராகவும் ஒருவர் பெறும் காப்பு, அவர் தொழிலாளியாக வாயிலுக்குள் நுழையும்போது மெலிகிறது. ஒப்பந்தத் தொழிலாளரும் டிரெய்லர் ஓட்டுநரும் மிகுந்த இப்பகுதியில் இந்த மெலிவு விதிவிலக்கன்று, அதுவே பொதுநிலை.

எஞ்சுவது ஆளுகை. 2021ஆம் ஆண்டுப் பெருந்துறைமுக ஆணையச் சட்டத்தின்படி சென்னைத் துறைமுக ஆணையத்தின் குழுவில் பணியாளர் நலனைச் சார்ந்து இரண்டு உறுப்பினர் இடம்பெறுகின்றனர். அவர்கள் துறைமுகத்தின் சொந்தப் பணியாளர்க்கு உரியவர்கள். வாயிலில் சில்லால் படிக்கப்படுவோரில் பெரும்பகுதியினரான வெளி நிறுவன ஓட்டுநர்க்கு அதில் இடம் வகுக்கப்படவில்லை. எண்ணூர்க் காமராசர் துறைமுகம் நிறுவனச் சட்டத்தின்கீழ் இயங்கும் நிறுமம் ஆகையால் அச்சட்டம் அதற்குப் பொருந்தாது. காட்டுப்பள்ளி முற்றிலும் தனியார் நிர்வாகம். ஒரே வாரத்தில் ஒரே ஓட்டுநர் ஒரே சில்லுடன் இம்மூன்று வாயில்களையும் கடக்கிறார். மூன்று பதிவேடுகளிலும் அவருடைய வண்டி இருக்கிறது. 1956இல் கப்பல்துறைத் தொழிலாளர் ஒரு வாரியத்தின் முன் சென்று தம் வருகை அட்டையில் உள்ள பிழையைக் காட்ட முடிந்ததுபோல, இவர் தம் காத்திருப்பு நேரத்தில் உள்ள பிழையைக் காட்டச் செல்லவேண்டிய அலுவலகம் எது என்பதை அம்மூன்று அமைப்புகளின் சட்டங்களில் எதுவும் குறிப்பிடவில்லை.